கழுவாமல் கிடந்த பழைய குடும்ப பிலிம்: அறிகுறி பார்த்து என்ன செய்வது

வீடு மாற்றும்போதோ, பெரியவர் ஒருவர் போன பிறகு அலமாரியை ஒழிக்கும்போதோதான் இந்த ரோல்கள் வெளியே வரும். சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஒவ்வொருவராகக் கொண்டுவந்து கொடுத்ததைக் கழுவிக் கழுவிச் சேர்ந்த குறிப்பு இது. கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றுதான். கெட்டுப்போகிற விதமும் ஒன்றுதான்.

பிலிமை ஒரே ஒரு தடவைதான் கழுவ முடியும். முப்பது வருஷம் காத்திருந்த ரோல் இன்னும் மூன்று மாதம் காத்திருக்கும். ‘எதிலாவது போட்டுப் பாருங்கள்’ என்று அவசரமாகக் கொடுக்கப்பட்டுப் போன ரோல்கள்தான் என் மனதில் இன்னும் உறுத்துகின்றன. முடிவு செய்யும்வரை காற்றுப் புகாத பையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் சில மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த பிலிமில் உடனே காற்றுப் பட்டால் நீர் கோக்கும்.

## கேமராவுக்குள் பிலிம் இருக்கிறதா என்று தெரியவில்லை

மூடியைத் திறந்து பார்க்கத்தான் கை போகும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

35 மி.மீ. கேமரா என்றால்: பிலிமைத் திரும்பச் சுற்றும் சிறு கைப்பிடியை அம்புக்குறிப் பக்கமாக மெல்லத் திருப்புங்கள். அடியில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டாம். சற்றுச் சுற்றி இறுகி நின்றால் உள்ளே பிலிம் இருக்கிறது. தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால், பிலிம் இல்லாமலிருக்கலாம், டப்பாவுக்குள் முழுக்கச் சுருட்டப்பட்டிருக்கலாம், உள்ளே அறுந்தும் கிடக்கலாம். அறுந்து கிடக்கும் வாய்ப்பு ஒன்று இருப்பதால்தான், ‘காலி’ என்று தோன்றும் கேமராவையும் முதல் தடவை இருட்டில் திறக்கச் சொல்கிறேன்.

பிலிம் இருக்கிறது என்றால் அடிப் பொத்தானை அழுத்திக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். வறண்ட பிலிமை வேகமாகச் சுற்றினால் ஓரத் துளைகள் கிழியும். நிலைமின் பொறி தெறித்து, மரக்கிளை போன்ற கோடுகளும் படத்தில் விழும். ஓரிடத்தில் ‘சடக்’ என்று விட்டுக்கொடுத்து, பிறகு இலகுவாகச் சுற்றினால் வேலை முடிந்தது.

மோட்டார் வைத்த கேமரா என்றால்: முதலில் புது பேட்டரி. பழைய பேட்டரி கசிந்து பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால், பஞ்சில் சிறிது வினிகர் தொட்டு முனைகளைத் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள். பாதி ரோலில் சுருட்டச் சொல்லும் பொத்தான் பெரும்பாலான கேமராக்களில் உண்டு. பேனா நுனியால் அழுத்தும் சிறு குழியாக இருக்கும்.

பின்பக்கம் சிவப்புச் சன்னல் இருக்கிற பழைய பெட்டிக் கேமரா என்றால்: உள்ளே இருப்பது காகிதம் சேர்த்துச் சுற்றிய ரோல். சன்னலில் எண்கள் வந்து போய், காகிதமும் தீர்ந்து, கைப்பிடி தளர்வாகும்வரை முன்பக்கமாகவே சுற்றுங்கள். மங்கிய வெளிச்சத்தில் திறந்து, ரோல் பிரிந்துவிடாமல் விரலால் அழுத்திப் பிடித்து ஒட்டுநாடா போடுங்கள். பழைய பசை காய்ந்திருக்கும், அதை நம்பாதீர்கள்.

எப்போது கொடுத்துவிட வேண்டும்: கைப்பிடி இறுகி அசையவே இல்லை என்றால் அத்தோடு நிறுத்துங்கள். பிலிம் கழுவும் ஒருவரிடம் கேமராவோடு கொடுங்கள். கைகளை நுழைத்து வேலை செய்யும் கறுப்புப் பை அவரிடம் இருக்கும். சிவப்பு விளக்கில் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிரிண்ட் போடும் காகிதத்துக்குத்தான் அந்த விளக்கு. வீட்டு கேமரா பிலிம் அநேகமாக எல்லாமே சிவப்பையும் பதிவு செய்யும்.

## ரோல் கையில் இருக்கிறது, படம் எடுத்ததா எடுக்காததா தெரியவில்லை

35 மி.மீ. டப்பாவிலிருந்து பிலிம் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் எடுக்காதது. முழுக்க உள்ளே போயிருந்தால் எடுத்தது. நுனியை வெளியே விட்டுச் சுருட்டும் பழக்கம் உள்ளவர்களும் உண்டு. நுனியில் மடிப்போ, கேமராப் பல் பட்ட தடமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

காகிதம் சுற்றிய ரோலில், மேலே ஒட்டிய பட்டையில் எடுத்தாகிவிட்டது என்றே அச்சிட்டிருக்கும். 1996இல் வந்த ஏபிஎஸ் என்ற பிலிம் வகையின் டப்பா அடியில் நான்கு குறிகள் இருக்கும். வட்டம் என்றால் புதிது, அரைவட்டம் என்றால் பாதி எடுத்தது, பெருக்கல் குறி என்றால் முழுக்க எடுத்தும் கழுவாதது, சதுரம் என்றால் கழுவியாகிவிட்டது. எந்தக் குறி வெள்ளையாகத் தெரிகிறது என்று பார்த்தால் போதும், டப்பாவைத் திறக்கத் தேவையில்லை.

126, 110 என்ற பிளாஸ்டிக் கூடுகளின் முதுகில் சன்னல் இருக்கும். எண் தெரிந்தால் பாதியில் நிற்கிறது. 1982இல் வந்த டிஸ்க் பிலிமில் 15 படங்கள் வட்டமாக அடுக்கியிருக்கும். அதை வீட்டில் தொடவே வேண்டாம். சூப்பர் 8 என்ற வீட்டு சினிமாப் பிலிம் கூட்டில் பிலிம் எட்டிப்பார்க்கும் வாயைப் பாருங்கள். ஓடி முடிந்த ரோலாக இருந்தால் பிலிம் மேலேயே அதற்கான சொல் அச்சாகியிருக்கும்.

சந்தேகம் தீராவிட்டால் எடுத்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். வெறும் ரோலைக் கழுவினால் கொஞ்சம் பணம்தான் போகும்.

## லேப் ‘இதைக் கழுவ முடியாது’ என்கிறது, அல்லது எந்த முறை என்று கேட்கிறது

நல்ல லேப் கேட்கத்தான் செய்யும். கேட்காமல் வாங்கி மெஷினில் போடும் லேப்தான் ஆபத்து.

டப்பாவின் மேல் பொடி எழுத்தில் முறையின் பெயர் இருக்கும். பெரிய பெயரை விட்டுவிட்டு அதைத் தேடுங்கள்.

### சி-41 என்று இருந்தால்

1972இல் வந்த இந்த முறைதான் நிற நெகட்டிவுக்கு இன்றும் நடப்பது. லேப் கிடைப்பது எளிது. கறுப்பு வெள்ளை பிலிமிலும் சிலவற்றில் சி-41 என்று போட்டிருக்கும் (இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 போல). அவற்றையும் நிற மெஷினில்தான் கழுவ வேண்டும்.

1990களுக்குப் பிந்தைய ரோல், வெயில் படாமல் இருந்தது என்றால் வழக்கம்போலக் கழுவக் கொடுக்கலாம். 1970கள், 80களின் ரோல் என்றால் நான் யோசிப்பேன். ஒரே பெட்டியிலிருந்து நாலைந்து வந்திருந்தால் ஒன்றை மட்டும் நிறத்தில் கழுவிப் பாருங்கள். நிறம் சேறாக வந்தால் மீதியைக் கறுப்பு வெள்ளை டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் கெமிக்கல்) கழுவச் சொல்லுங்கள். பிறகு நிறத்துக்குத் திரும்ப வழி இல்லை என்பதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

‘பழசு, அதனால் கூடுதல் நேரம் கழுவுங்கள்’ என்று லேபிடம் கேட்பது பரவலான தவறு. கூடுதல் நேரம் படத்தை ஏற்றுவது போலவே மூட்டத்தையும் (பிலிம் முழுக்கப் படியும் சாம்பல் திரை) ஏற்றும்.

### சி-22 என்று இருந்தால்

கோடாகலர்-எக்ஸ் போன்ற 1950, 60களின் நிற நெகட்டிவ். இது 24 டிகிரி செல்சியஸ் அளவில் கழுவப்பட்டது. சி-41 நடப்பதோ 37.8 டிகிரியில். அந்தச் சூட்டில் பழைய எமல்ஷன் (படம் பதிந்திருக்கும் பூச்சு) இளகி, பிலிமை விட்டு வழுகி இறங்கிவிடும். படம் மட்டும் போவதில்லை, மெஷினும் பாழாகும். 20 டிகிரியில் கறுப்பு வெள்ளையாகக் கழுவுவதுதான் வழி. அடியிலுள்ள ஆரஞ்சு நிறம் போகாது, அடர்த்தியாகத் தெரியும். பயப்பட வேண்டாம், ஸ்கேனர் அதைத் தாண்டிப் படிக்கும்.

### கோடாக்குரோம் என்று இருந்தால்

1935 முதல் 2009 வரை செய்யப்பட்ட இந்தப் பிலிமில் நிறமாக்கும் பொருள் கிடையாது. அது கழுவும் கெமிக்கலில்தான் இருந்தது. அந்தக் கெமிக்கல் வரிசைக்குக் கடைசியில் கே-14 என்று பெயர். அதைக் கடைசிவரை நடத்தியது அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்து பார்சன்ஸ் ஊரில் இருந்த ட்வைன்ஸ் ஃபோட்டோ. 2010 டிசம்பர் 30 அன்று ரோல் வாங்குவதை நிறுத்தினார்கள். எனவே இன்று கிடைப்பது கறுப்பு வெள்ளை மட்டுமே. ஆனால் அந்தக் கறுப்பு வெள்ளை பல தடவை என்னை அசத்தியிருக்கிறது. முகம், துணியின் மடிப்பு, பின்னால் நிற்கும் மரம் எல்லாம் தெளிவாக வரும்.

இதன் முதுகில் கரிப்பூச்சு ஒன்று இருக்கும், தனியாகத் தேய்த்து எடுக்க வேண்டும். சி-41 மெஷினில் தவறிப் போட்டால் அந்தக் கரி கெமிக்கலில் கலந்து மற்றவர்கள் ரோலையும் கெடுக்கும். உங்கள் ரோலில் ஒன்றும் மிஞ்சாது. வீட்டு 8 மி.மீ. சினிமாச் சுருள்களில் கோடாக்குரோம் ஏராளம் என்பதால் அவற்றையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

### ‘குரோம்’ என்று முடியும் மற்ற பெயர்கள்

குரோம் என்று முடிந்தால் ஸ்லைடு (பிலிமிலேயே நேர்ப் படமாக வருவது), கலர் என்று முடிந்தால் நெகட்டிவ் என்பது நல்ல பொது விதி. ஆனால் அக்ஃபாகலர் சிடி18 என்பது ஸ்லைடு. ஆகவே முறையின் பெயரைப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். இ-6 என்றால் இன்றும் நடக்கிறது. இ-4, இ-3 என்றால் சி-22க்குச் சொன்னதேதான்: சூடு ஆகாது, கறுப்பு வெள்ளை. ஆர்வோ என்ற நிறுவனத்தின் பழைய ஸ்லைடுகளுக்கும் தனி முறை இருந்தது, அவற்றுக்கும் இதே முடிவு.

### சாதாரணக் கறுப்பு வெள்ளை

இதுதான் நிம்மதி தரும் ரோல். ஐம்பது அறுபது வருஷம் ஆனாலும் ஏதாவது வரும். டி-76 டெவலப்பர் போதும். மூட்டம் அதிகம் இருக்கும் என்று தோன்றினால் ஹெச்சி-110 டெவலப்பரை எடுத்துக்கொண்டு, மூட்டத்தைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் சிறிது சேர்ப்பேன். 20 டிகிரிக்கு மேல் போகமாட்டேன். முதலில் நுனியிலிருந்து ஒரு சாண் வெட்டிக் கழுவிப் பார்ப்பதுண்டு. ஓரிரு படம் போகலாம். ஆனால் மீதி முழுவதற்கும் நேரம் தெரிந்துவிடும். கழுவி ஊற்றும் நீர் பச்சையாகவோ நீலமாகவோ ஊதாவாகவோ வந்தால் கலங்க வேண்டாம், அது பிலிமின் சாயம்.

கொடுக்குமுன் லேபிடம் கேட்க வேண்டியவை: எந்த முறையில், எத்தனை டிகிரியில்? துண்டு வெட்டிச் சோதிப்பீர்களா? படம் இல்லாவிட்டாலும் பிலிமை வெட்டாமல் அப்படியே திருப்பித் தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று வராவிட்டால் நான் கொடுப்பதில்லை. ஒன்றுமில்லை என்று சொன்ன ரோலில் மங்கலாக ஒரு வரிசை முகங்களைக் கண்டிருக்கிறேன்.

விமானத்தில் எடுத்துப் போவதானால் பெட்டிக்குள் போட்டு அனுப்பாதீர்கள், அந்த எக்ஸ்ரே வலுவானது. கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்; கைப்பைக்கே சிடி ஸ்கேன் வைத்திருக்கும் இடங்களில் கட்டாயம் கேளுங்கள். தபாலில் என்றால் எல்லா ரோலையும் ஒரே பொட்டலத்தில் அனுப்ப வேண்டாம்.

## டப்பாவில் துரு, பூஞ்சை, புளித்த வாடை

மேலே மட்டும் துரு என்றால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு அனுப்புங்கள், போதும். டப்பாவின் வாயிலுள்ள வெல்வெட்டில் துருத்தூள் இருந்தால் நுனியை இழுக்காதீர்கள். நீளமாகக் கீறும். இருட்டில் டப்பாவை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், லேபில் அதைச் சொல்லுங்கள்.

வினிகர் வாடை வந்தால் அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. சுருங்கும், நெளியும். இந்த ஒரு வகைக்கு மட்டும் காத்திருக்கச் சொல்லமாட்டேன், சீக்கிரம் கழுவுங்கள். மற்ற ரோல்களிலிருந்து இதைப் பிரித்தும் வையுங்கள்.

1950களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 மி.மீ. பிலிம் பழுப்பேறி, பிசுபிசுத்து, காரமான வாடை அடித்தால் அது நைட்ரேட்டாக இருக்கலாம். எளிதில் தீப்பற்றும், பற்றினால் அணைக்க முடியாது. கொளுத்தியோ சூடாக்கியோ சோதிக்காதீர்கள். தபாலில் போடாதீர்கள். ஆவணக் காப்பகம் ஒன்றில் பிலிம் பாதுகாப்பு தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். வீட்டில் ஓட்டிய 8 மி.மீ., 16 மி.மீ. சுருள்களில் இந்தப் பயம் வேண்டாம். அவற்றை எளிதில் தீப்பற்றாத பிலிமில்தான் செய்தார்கள்.

ஈரத்தில் கிடந்து காகிதமும் பிலிமும் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயலாமல் நேராக நிபுணரிடம் போங்கள்.

## கழுவி வந்தது, கண்ணாடி போல வெறுமை

முதலில் ஓரத்தைப் பாருங்கள். 35 மி.மீ. பிலிமின் ஓரத்தில் எண்களையும் பெயரையும் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்திருப்பார்கள். கழுவினால் அவையும் தெரிய வேண்டும்.

- எண்கள் தெளிவு, நுனி கறுப்பு, படம் மட்டும் இல்லை: டெவலப்பர் சரியாக வேலை செய்திருக்கிறது. பிலிம் கேமராவில் ஓடவே இல்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. யார் மீதும் குற்றமில்லை.
- எண்கள் மங்கல், படங்கள் நிழல் போல: வருஷங்களில் பதிவு மங்கியிருக்கிறது. வெளிச்சம் குறைவாக எடுத்த படம்தான் முதலில் மறையும். கறுப்புத் துணி மேல் வைத்துச் சாய்த்துப் பாருங்கள், நல்ல ஸ்கேன் ஒன்று எடுங்கள்.
- எண்களும் இல்லை, நுனியும் கறுக்கவில்லை: தவறான முறை, அல்லது செத்த கெமிக்கல். சாதாரணக் கறுப்பு வெள்ளை பிலிமை சி-41இல் போட்டால் படமாகிற வெள்ளியை அந்த முறையே கரைத்துவிடும். கோடாக்குரோமுக்கும் அதே கதி. படத்தை நிலைநிறுத்தும் கெமிக்கலான ஃபிக்ஸரை முதலில் ஊற்றினாலும் இதேதான். இதை மீட்க முடியாது. அன்று கழுவிய மற்ற ரோல்கள் எப்படி வந்தன என்று லேபில் கேளுங்கள், மீதி ரோல்களை அங்கே கொடுக்காதீர்கள்.

## கழுவி வந்தது, கறுப்பாக இருக்கிறது

நெகட்டிவ் ஓரம் உட்பட முழுக்கக் கறுப்பு என்றால் எப்போதோ வெளிச்சத்தில் பிரித்திருக்கிறார்கள். ஒரு முனையில் கடும் கறுப்பு, உள்ளே போகப் போகத் தேய்கிறது என்றால் கேமரா மூடி ஒரு கணம் திறந்திருக்கிறது. சுருளின் வெளிச்சுற்றுகள் அடி வாங்கி உள்சுற்றுகளைக் காப்பாற்றியிருக்கும். உள்பக்கப் படங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சீரான சாம்பல் திரை, அதன் வழியே படம் தெரிகிறது என்றால் அது வயதின் மூட்டம். சூடும் காலமும் சேர்ந்து செய்வது. வெளிச்சத்தை வேகமாகப் பிடிக்கும் 400 பிலிமில் 100 பிலிமை விட அதிகம். சிலர் இதைக் குறைக்க நெகட்டிவையே ஒரு கெமிக்கலில் போட்டு வெளுப்பார்கள். குடும்பத்தில் வேறு பிரதி இல்லாத படத்தில் நான் அதைச் செய்யமாட்டேன். ஸ்கேனரில் 16 பிட் வைத்து, தானாகச் சரிசெய்யும் வசதிகளை அணைத்து எடுத்தால் கண்ணுக்குத் தெரியாததும் வரும். அடர்த்தி மிகுந்து வீட்டு ஸ்கேனர் திணறினால் அங்கே காசைச் செலவழியுங்கள். டிரம் ஸ்கேன், அல்லது நல்ல கேமராவில் பல வெளிச்ச அளவுகளில் படமெடுத்துச் சேர்ப்பது, இரண்டும் பலன் தரும்.

## படத்தின் மேல் எண்களும் புள்ளிகளும்

காகிதம் சுற்றிய ரோலில் வரும் தொல்லை. காகிதத்தின் மை பல வருஷம் பிலிமைத் தொட்டுக்கொண்டிருந்ததால் அதன் எண்கள் வானத்திலும் சட்டையிலும் பதிந்திருக்கும். கழுவும்போது தடுக்க முடியாது, ஸ்கேன் செய்த பிறகு கணினியில்தான் திருத்த வேண்டும். முகத்தின் மேல் விழுந்திருந்தால் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள்; வானத்தில் விழுந்ததை நான் அப்படியே விட்டுவிடுவேன்.

## பால் போல மங்கல், ஊதாச் சாயம், சுருட்டல்

பால் போல இருந்தால் ஃபிக்ஸர் போதவில்லை. புது ஃபிக்ஸரில் மறுபடி போட்டுக் கழுவினால் தெளியும். இளஞ்சிவப்பு, ஊதா சாயத்துக்கும் கூடுதல் ஃபிக்ஸரும் கூடுதல் தண்ணீரும்தான் மருந்து. நாற்பது வருஷம் சுருண்டிருந்த பிலிம் காய்ந்த பிறகும் சுருளும். உறையில் போட்டுக் கனமான புத்தகத்தின் அடியில் சில நாள் வையுங்கள், சூடு காட்டாதீர்கள்.

## நிறம் வந்தது, ஆனால் எல்லாம் பச்சை அல்லது சிவப்பு

மூன்று நிற அடுக்குகளும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. லேப் தந்த பிரிண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது மெஷின் ஊகித்த நிறம். நெகட்டிவை நீங்களே ஸ்கேன் செய்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஒன்றாவது சுத்தமாக இருக்கும். அதை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால், சேறாக இருந்த முகத்தில் கண் தெரியும்.

## முகங்கள் தெரிகின்றன, யாரென்று தெரியவில்லை

ஓரத்து எழுத்தில் பிலிமின் பெயர் இருக்கும். அந்தப் பிலிம் எந்த வருஷத்துக்குப் பிறகு வந்தது என்று பார்த்தால் காலத்தின் ஒரு எல்லை கிடைக்கும். கோடாக் சினிமாச் சுருளில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று ஆண்டுக்குறி இருக்கும். அது 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், ஆடையையும் வண்டியையும் பார்த்து எந்தச் சுற்று என்று முடிவு செய்யுங்கள். படங்களின் வரிசையைக் கலைக்காதீர்கள். பன்னிரண்டாவது படத்தில் முகம் திருப்பி நிற்பவர் பதின்மூன்றாவதில் நேராகப் பார்ப்பார்.

பிறகு பெரிய அளவில் பிரிண்ட் போட்டு, வீட்டில் வயதில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். ஃபோன் திரையில் காட்டாதீர்கள், கண் சிரமப்பட்டு ‘தெரியலப்பா’ என்று நகர்த்திவிடுவார்கள். அவர் சொல்லும் பெயரை அன்றே, பிரிண்டின் பின்னால், பென்சிலால் எழுதுங்கள்.